டிக்கெட் இல்லாத பூ

பிப்ரவரி 9

என் செல்ல மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். போனில் நீ பேசுவதில் பாதிதான் என் காதுக்கு எட்டுகிறது. மீதியை உன் அம்மா தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்புகிறாள். ஆகவே கடிதம்.

பஸ் டிப்போ சுவரோரத்துக் காட்டுச்செடி, நம் மஞ்சள்காரி, இன்று காலை பூத்துவிட்டாள்! வழக்கமாக மார்ச் கடைசியில்தான் கண் திறப்பாள். "வெயில் ஏற ஏறக் காட்டுச்செடிங்க முந்திப் பூக்குதுப்பா, ஊர் ஊரா ஆள் வச்சுப் பாக்குறோம், நீங்களும் ஒண்ணப் பாருங்க" என்று நீ கேட்டபோது, ஓய்வு பெற்ற பஸ் டிக்கெட் செக்கருக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். இப்போது மெக்கானிக்கிலிருந்து டீக்கடைக்காரர் வரை, "உங்க பொண்ணு செடி பூத்துடுச்சாமே!" என்கிறார்கள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறேன்.

உன் அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லா ஊரிலும் உங்கள் பூதான் முதல். எங்கள் தலைவி அந்தத் தேதியைச் சுவர் வரைபடத்தில் பெரிதாக ஒட்டிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் செடியை வைத்துத்தான் நான் பேச்சைத் தொடங்குகிறேன். அங்கே நம்பவில்லை என்றால் இந்தக் கணக்கெடுப்பையே மூடிவிடுவார்கள்.

முந்திப் பூப்பது நல்ல செய்தி இல்லை, அப்பா. அந்தப் பூவைத் தேடி வரும் சின்னக் காட்டுத்தேனீ தன் காலத்தில்தான் வெளியே வரும். அதற்குள் பூ உதிர்ந்தால் தேனீக்குப் பட்டினி, செடிக்கு விதை இல்லை.

செடி நிற்கும் இடத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். கூட்டத்தில் கேட்பார்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்

பிப்ரவரி 27

செல்ல மகளுக்கு,

நிழல் இல்லை, கல்லும் மண்ணும்தான். ஆனாலும் உன் செடியை வாட விடுவேனா? புது வருஷம் பிறந்ததிலிருந்து பஸ் கழுவும் குழாயில் பிடித்து தினமும் ஒரு வாளித் தண்ணீர். "காட்டுச்செடிக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்றாள் உன் அம்மா. "இது என் பொண்ணு செடிடி, மத்த ஊர்ச் செடிக்குப் பின்னாடி வரலாமா?" என்றேன். எப்படி?

உன் அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே அப்பா! தண்ணீர் குடித்த செடி முந்திப் பூத்தால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியுமா?

"நீ வாயத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. எனக்கு நம் மாமா ஞாபகம் வந்தார். டிக்கெட் எடுக்காமல் ஏறிய மச்சான் என்றும் பார்க்காமல், பஸ் நிறைய ஆள் பார்க்க அபராதம் போட்டு இறக்கி விட்டீர்களே. அம்மா உங்களோடு எத்தனை நாள் பேசவில்லை!

கூட்டத்தில் எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் தேதியை அடித்தேன். "இது செல்லாது. தண்ணி ஊத்தினது எங்கப்பா" என்றேன். மண்டபமே சிரித்தது. பிறகு மற்ற ஊர்ப் பூக்களைக் காட்டினேன். உங்களுடையது இல்லாமலே எல்லாம் முந்தித்தான் இருந்தன. கடைசியில் ஒரு பெரியவர், "அப்பா பூவையே அடிச்ச பொண்ணு. மத்த தேதிய நம்பலாம்" என்றார். கணக்கெடுப்பு தொடர்கிறது.

கோபமா, அப்பா?

உங்கள் மகள்

மார்ச் 25

மகளே,

கோபம்தான். ஒரு வேளை சாப்பிடவில்லை. உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "என் தம்பிய இறக்கி விட்டீங்கல்ல? இப்ப உங்க பொண்ணு உங்களையே இறக்கி விட்டுட்டா!" என்றாள்.

அப்புறம் கடிதத்தை மறுபடி படித்தேன். நேராக டிப்போவுக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைக்காத மரியாதையை என் பூவை அடித்து நீ வாங்கித் தந்திருக்கிறாய்.

உன் அப்பா

பிப்ரவரி 23, மறு வருஷம்

செல்ல மகளுக்கு,

ஒரு சொட்டு ஊற்றவில்லை. போன மாதம் இலையெல்லாம் சுருண்டபோது கை பரபரத்தது. மெக்கானிக் வாளியையே ஒளித்து வைத்துவிட்டார். பக்கத்தில் யாரும் பஸ் கழுவக் கூடாது என்று விரட்டவும் செய்தேன்.

இன்று பூத்துவிட்டாள். தண்ணீர் இல்லாமலே, ஒரு மாதம் முந்தி.

போன தடவை துள்ளிக் குதித்தேன். இன்று முடியவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன். மொட்டு விரிந்த வாசத்துக்கு ஒரு தேனீகூட வரவில்லை. நீ சொன்னது அப்போது காதில் விழுந்தது, இன்றைக்குத்தான் மனதில் விழுந்தது. பயமாக இருக்கிறதம்மா. இதைத் துணிந்து நாலு பேருக்குச் சொல்கிறவள் என் மகள் என்பதுதான் ஒரே தைரியம்.

தேதியை எழுதிக்கொள். இந்தப் பூவை நானே சோதித்துவிட்டேன். டிக்கெட் சரியாக இருக்கிறது.

உன் அப்பா, செக்கர்