போட்டுப் பார்க்காத சட்டை

திருவொற்றியூர் குப்பம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் தீனாவுக்கு அம்மா பவுனம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை ஜெயஸ்ரீயும் சாப்பிட்டுத் தூங்கி நடமாடிக்கொண்டு இருக்கிறோம். பஹ்ரைனில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எண்ணூர் சைமன் உன் படகிலேயே வேலைக்குச் சேர நாளைக்குப் புறப்படுகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாடு ஒழுங்காகக் காய்ந்ததுதான், போன தடவை மாதிரி ரூம் முழுக்க நாறாது. போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீ சிரித்தாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டாலும் எடுக்கவில்லை, ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று உன் அப்பா சொல்கிறார், நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சைச் சட்டையைப் போடாதே. போட்டிருந்தால் கழற்றிவிட்டு மேற்கொண்டு படி. அதை நான் அனுப்பவில்லை.

இங்கே எல்லாம் பழையபடிதான். கன்டெய்னர் லாரிகள் நம் தெருமுனை வரைக்கும் வரிசையில் நிற்கின்றன, மணலி ஆலைப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது, ஜெயஸ்ரீ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனைப் பார்க்கிறாள். என் பாடு உனக்குத் தெரியும். விடியும் முன்னே காசிமேட்டில் ஏலம், அப்புறம் மார்க்கெட்டில் கூடை, வந்தால் சோறு, சாயங்காலம் தண்ணீர் லாரி. நடுவில் மதியம் கொஞ்ச நேரம் எனக்கென்று கிடைக்கிறதே, அதில்தான் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறேன். பக்கத்து வீட்டுப் பூவம்மா, ஜாக்கெட் தைத்துக் கொடு, கூலி தருகிறேன் என்று கேட்காத நாள் இல்லை. கூலிக்குத் தைத்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும், எனக்கு இருக்கிற வேலை போதும். துணியில் கத்தரி போகிற சத்தத்தைக் கேட்டால் மீன் கூடை, பாக்கி, சண்டை எல்லாம் மறந்துபோகிறது, அந்தச் சுகத்துக்காகத்தான் தைக்கிறேன். நீயும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொள், பட்டன் போனதற்கெல்லாம் புதுச் சட்டை வாங்காதே.

நம் வீட்டுக் குறி உனக்குத் தெரியும். வலை மிதவைக்கு அடையாளம் போடுகிற மாதிரி, நம் குப்பத்தில் கடலுக்குப் போகிற ஆம்பிளைச் சட்டைக்கு வீட்டுக்கு வீடு ஒரு குறி உண்டு. எங்கேயாவது கரை ஒதுங்கினால், முகம் தெரியாமல் போனாலும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டுமே, அதற்கு. நம்முடையது காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு சின்ன நங்கூரம். ஆனால் தைத்த உடனே போடக் கூடாது. சட்டையை ஆள் ஒரு தடவை போட்டு, உடம்புச் சூடு பட்ட பிறகுதான் குறி. இத்தனை வருஷத்தில் நான் தவறினது இல்லை. நீ வீடியோவில் பார்த்துச் சொன்னாயே, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட துணி, அதை எம்.சி. ரோட்டில் வாங்கிவந்து உன் பழைய சட்டையை அளவு வைத்து வெட்டினேன். அன்றைக்கு உன் அப்பா சட்டைக்குக் குறி போட்டு முடித்திருந்தேன், ஊசியில் சிவப்பு நூல் மிச்சம் இருந்தது. இப்போதெல்லாம் நூல் கோர்ப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. இவ்வளவு நூல் வீணாகப் போகிறதே, திரும்பக் கோர்க்க வேண்டுமே என்று, தைக்காத உன் காலர் துண்டில் நங்கூரத்தைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பிரித்துவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது.

பெரிய மழை விட்ட அந்த வாரம் சைமன் எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் வலை போட்டுக்கொண்டிருந்தவன் அப்பாவுக்குப் போன் செய்தான். ஓர் ஆள் ஒதுங்கியிருக்கிறான், சட்டையில் நம் வீட்டு நங்கூரம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றான். அன்று காலையில்தான் நீ என்னோடு பேசியிருந்தாய், பல் வலி என்று சொன்னாய். அப்படியும் ஷேர் ஆட்டோவில் போகிற வழியெல்லாம் கடலம்மாவைக் கும்பிட்டுக்கொண்டே போனேன். அங்கே போனால் உன் உயரத்தில், உன் வயசில் ஒரு பையன். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சட்டை, தீனா, பச்சையில் வெள்ளைக் கோடு. தைத்து முடித்த முழுச் சட்டை. என் மிஷின் இடது பக்கம் இழுக்கும், அதனால் என் பட்டன் காஜா எல்லாம் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்று நீ கிண்டல் செய்வாயே, அதே சாய்வு. காலரைத் திருப்பினால் என் நங்கூரம். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, தெரிந்த ஆளா, இது உங்கள் தையலா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் அது நீ என்று ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டேன். "இது ஆரோ, எனக்குத் தெரியாது சார், தையலும் என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவும் சைமனும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மிஷினைத்தான் பார்த்தேன். நான் வெட்டி வைத்த துண்டுகள் அப்படியே இருந்தன, ஒரு கைகூட இணைக்கவில்லை. காலர் துண்டை எடுத்துப் பார்த்தால் நங்கூரம் இல்லை. ஊசி போன ஓட்டைகள் மட்டும் நங்கூரம் மாதிரி வரிசையாக இருக்கின்றன, நூலைக் காணோம். துண்டுகள் எல்லாம் ஈரம். மழைச் சாரல் என்று நினைத்து மொட்டைமாடியில் போட்டேன். பக்கத்துக் கொடியில் பூவம்மாவின் போர்வையே காய்ந்துவிட்டது, இது காயவில்லை. இஸ்திரி போட்டால் ஆவி வந்தது, எடுத்து மடித்தால் திரும்ப ஈரம், நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. உன் அப்பா, ஒரே மாதிரித் துணியை ஆயிரம் பேருக்கு விற்கிறான், சும்மா பேஜார் பண்ணாதே என்று என்னைத் திட்டினார். ஆனால் அவரும் அன்றிலிருந்து குறி போட்ட சட்டையைத் தொடவில்லை, பனியனோடுதான் கடலுக்குப் போகிறார். பூவம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "உடம்பு இல்லாத துணிக்கு குறி போட்டா அது ஒரு உடம்ப தேடிக்கினு பூடும்க்கா. தேடிக்கினு வந்தவன நீ ஆருனு கேட்டுட்டியே" என்றாள். 

அப்புறம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். இன்ஜின் ரிப்பேர், படகு கிளம்ப இரண்டு வாரம் ஆகும் என்றாய், அம்மா, நீ அனுப்பின சட்டை வந்துவிட்டது, அளவு அச்சாக இருக்கிறது, பார்சல் நனைந்துவிட்டது போல, இன்னும் ஈரம் காயவில்லை என்றாய்.  யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். மதியம் ரூமில் படுத்திருந்தபோது நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிற ஓர் ஆள் வந்தான், தலை எல்லாம் ஈரமாக இருந்தது, உள்ளே வா என்றால் வரவில்லை, டீ வேண்டாம் என்றான், சட்டையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான் என்று நீதான் சொன்னாய். பேர் கேட்டதற்கு அவன் சொன்னதாக நீ சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "உங்கம்மாவுக்கு நான் ஆருனு தெரியாதாமே. அவங்களயே எனக்கு ஒரு பேரு வெக்கச் சொல்லு." குடித்திருப்பான் என்றாய். அவன் குடிக்கவில்லை, கண்ணு. நான் முகத்துவாரத்தில் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான்.

மறுநாள் கூடையை எடுக்காமல் நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். தையல் என்னுடையதுதான், அன்றைக்குப் பயத்தில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அப்படியானால் பையன் யார் என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டார். அது தெரியாது, ஆனால் என் வீட்டுக் குறியோடு வந்தவன் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் விரட்டவில்லை, யாரும் தேடி வராததால் அடக்கம் செய்துவிட்டோம் என்று இடத்தைச் சொன்னார். நேற்று நானும் அப்பாவும் பூவம்மாவும் பால் எடுத்துக்கொண்டு போனோம். சுடுகாட்டுக் காவலாளி மேட்டைக் காட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தானே பால் ஊற்ற வேண்டும், நான் பாலை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டேன். உன் அப்பாதான் குனிந்து, உனக்குத் தம்பி பிறந்தால் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரே, அந்தப் பேரைச் சொன்னார். "நிலவா, வூட்டுக்கு வந்த புள்ளய ஆருனு கேட்டுட்டோம், மனசுல வெச்சுக்காதடா" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் பெற்ற பிள்ளையைப் புதைத்த மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கொடியில் இருந்த துண்டுகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. நங்கூரம் மட்டும் திரும்பி வரவில்லை, அது அவனோடேயே இருக்கட்டும்.

ஆனால் பேர் வைத்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்டது உன்னிடம்தான், பதிலும் உன் வாயால்தான் போக வேண்டும் என்று பூவம்மா சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதனால் அது வரைக்கும் நீ படகில் ஏறாதே, முதலாளி திட்டினால் திட்டட்டும், சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும். அந்தச் சட்டையை மடித்து வாசல் பக்கத்தில் வை. அவன் வந்தால் பயப்படாதே, அவனால் உனக்குக் கெடுதல் வராது, அவன் நம் வீட்டுப் பிள்ளை. நிலவா என்று கூப்பிடு. உள்ளே வரச் சொல், இந்தத் தடவை வருவான். சட்டை உன்னுடையதுதான், அம்மா உனக்காகத்தான் தைத்தாள் என்று சொல்லி அவன் கையில் கொடு. சைமன் கொண்டுவருகிற கருவாட்டில் பாதியை அவனுக்கும் வை, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

உனக்கு வேறு துணி எடுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளையில் நீலக் கட்டம். அதைத் தபாலிலும் அனுப்ப மாட்டேன், யார் கையிலும் கொடுக்க மாட்டேன். நீ வந்து என் கண் முன்னால் போட்டுக் காட்டு, அப்புறம்தான் குறி. சிவப்பு நூலைக் கோர்த்து ஊசியை மிஷின் மேலேயே குத்தி வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போ, தள்ளிப் போடாதே. கடலம்மா உன்னைக் கரையிலேயே வைத்திருக்கட்டும். இதைப் படித்ததும், ரீசார்ஜ் இல்லை என்றால் சைமன் போனிலிருந்தாவது ஒரு வார்த்தை பேசு.

இப்படிக்கு,
தீனாவுக்கும் நிலவனுக்கும் அம்மா,
பவுனம்மாள்.