விசிறிக்குள் செவ்வந்தி

அன்புள்ள அப்பாவுக்கு, மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் புது லைனில் முதல் மின்சாரக் கார் இறங்கியது. சூப்பர்வைசர் ரகு சார் கற்பூரம் காட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே பெரிய செவ்வந்தி மாலையைப் போட்டார். ஏசியைப் போட்டதும் உள்ளே விசிறி கரகரவென்று முனகியது. இன்ஜின் சத்தமே இல்லாத வண்டி. நின்ற எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“இன்னாம்மா, மோட்டாரு பூட்ச்சா? யாரு மாட்னது?” என்றார் ரகு சார்.

“நான்தான் சார். மோட்டார்ல குறை இல்ல. கழத்திப் பாத்துட்டுப் பேசுவோம்” என்றேன்.

சோதனை வண்டி என்பதால் காற்று வடிகட்டி இன்னும் பொருத்தவில்லை. விசிறியைக் கழற்றினால், மாலைக்கு அடியில் இருந்த காற்று இழுக்கும் வழியாகப் புகுந்த இதழ்கள். மாலை கட்டிய நூல் விசிறித் தண்டில் சுற்றிக் கிடந்தது. வாசனை முகத்தில் அடித்தது. ஸ்பேனரும் கையுமாகக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நூலை வெட்டி எடுத்ததும் சத்தம் நின்றது. ரகு சார் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தார்.

தோவாளையில் நீங்கள் கட்டும் மாலையில் ஓர் இதழ் உதிருமா? அடுத்த வண்டிக்கு நான்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வாழைநார் ஒரு கட்டு பஸ்ஸில் போட்டுவிடுங்கள். இங்கே பூக்கடையில் எல்லாம் நூல்தான்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. நாரோடு பூவையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள் அப்பா. ஒரகடம் வந்து சேர்வதற்குள் நம் ஊர் வாசனை போய்விடும்.

மதி