சிவப்பே விழாத வகுப்பு

பிப்ரவரி 6, 2006 – திங்கள்

இன்று முதல் நான் 'மல்டிமீடியா பயிற்றுநர்'. போன வெள்ளி வரை படப்பையில் இதே இன்ஸ்டிடியூட்டில் டேலி கணக்கு சொல்லிக்கொடுத்தவள். முதலாளி பாண்டுரங்கன் வாயால் சொன்னார், நான் ஆகிவிட்டேன்.

ஒரகடம் பக்கம் ஸ்பெயின்காரர்களின் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. இருபத்து நான்கு ஆபரேட்டர்களுக்கு ஆரம்ப ஸ்பானிஷ் கற்றுத்தர எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் கான்ட்ராக்ட். மார்ச்சில் ஒரு தேர்வு வைத்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதப் பயிற்சிக்கு ஸ்பெயின் அனுப்புவார்கள். போய் வந்தால் பெர்மனென்ட். மீதிப் பதினாறு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். "அது நம்ம சிலபஸ்ல இல்லம்மா" என்றார்.

வாத்தியார்கள் இரண்டு பேர்: ரத்னா மிஸ், கொம்பையா சார். இருவரும் சென்னையில் ஆறு மாத டிப்ளமா முடித்தவர்கள். கம்பெனி கொடுத்த சிடி, புரொஜெக்டர், மைக் வைத்த ஹெட்போன் இவற்றை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்கு நான் பழக்க வேண்டும். எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 8 – புதன்

சிடி நன்றாகத்தான் இருக்கிறது. படம் வரும், ஒருத்தி பேசுவாள், நாம் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி என்றால் பச்சைப் பட்டை, தப்பு என்றால் சிவப்பு.

கொம்பையா சார் 'காலை வணக்கம்' சொன்னார். சிவப்பு. மறுபடி சொன்னார். சிவப்பு. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இருவது வருசமா வாத்தியார் வேல பாக்கேன். ஒரு பெட்டி எனக்கு மார்க் போடுதாக்கும்?"

ரத்னா மிஸ் தொடவே இல்லை. "நான் வூட்ல பாத்துக்கிறேன் லேகா." வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

பிப்ரவரி 14 – செவ்வாய்

புரொஜெக்டருக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். லென்ஸிலும் குங்குமம். இன்று ஸ்பெயின் முழுக்கச் சிவந்து தெரிந்தது.

பிப்ரவரி 21 – செவ்வாய்

பாண்டுரங்கன் குதிக்கிறார். கம்ப்யூட்டர் பதிவில் இருபத்து நான்கு பேரும் ஆறு பாடம் முடித்திருக்கிறார்கள். ஒரு சிவப்புகூட இல்லை. "இன்னாம்மா லேகா, ஜீரோ டிஃபெக்ட்! இத்த அப்படியே கம்பெனிக்கு அனுப்பு."

சந்தேகம் வந்தது. அனுப்பாமல் உள்ளே போய்ப் பார்த்தேன். பச்சையும் இல்லை! பதினைந்து நாளில் அந்தப் பெட்டி ஒரு மாணவர் குரலைக்கூடக் கேட்கவில்லை. மைக் பொத்தானைத் தொடாமல் 'அடுத்தது', 'அடுத்தது' என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். திரையில் வந்ததை மட்டும் நோட்டில் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். தேர்வோ காதால் கேட்டு வாயால் பதில் சொல்வது.

காலை ஏ ஷிஃப்ட் முடித்து வந்த தங்கமாரியைப் பிடித்தேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் ஏழு பேரோடு இருக்கிறாள்.

"ஏன்டி பேசவே மாட்டேங்குறீங்க?"

"செவப்பு வந்துரும்லாக்கா."

"வந்தா என்ன?"

என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாள். கம்பெனி லைனில் சிவப்பு விளக்கு எரிந்தால் மொத்த லைனும் நிற்குமாம். சூப்பர்வைசர் ஓடி வருவாராம். எரிய வைத்தவள் பெயர் போர்டில் ஏறுமாம். மூன்று முறை ஏறினால் அடுத்த மாதம் கான்ட்ராக்ட் இல்லை. "அதனால நாங்க செவப்பு போடவே மாட்டோம்கா. கோளாறு இருந்தாலும் அடுத்த ஆளுக்குத் தள்ளிருவோம்."

இந்தக் கார்களில்தான் ஊரே போகப்போகிறது. நல்லது.

கொம்பையா சாருக்கும் தெரியும். அவர்தான் 'அடுத்தது' அழுத்தச் சொல்லிக்கொடுத்தவர். "பிள்ளைக மனசு ஒடஞ்சிரும்மா." யார் மனசு சார்?

பிப்ரவரி 22 – புதன்

வாத்தியார்களுக்கு இன்று ஒரே பாடம்தான்: வகுப்பில், பெரிய திரையில், எல்லார் முன்னாலும் முதல் சிவப்பை நீங்கள் வாங்க வேண்டும்.

கொம்பையா சார் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். ரத்னா மிஸ் அழாத குறை. "என்னியப் பாத்து சிரிக்க மாட்டாங்களா?" சிரிப்பாங்க மிஸ். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 24 – வெள்ளி

ஏழு சிவப்பு. ரத்னா மிஸ் வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஏழு முறை சொன்னார். எட்டாவது முறை பச்சை. எவனோ பின்வரிசையில் விசில் அடித்தான். "மிஸ், லைன ஸ்டார்ட் பண்ணலாமா?"

அடுத்து நான் போனேன். பதினொன்று வரை எண்ணினார்கள். பச்சை வரவே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

அப்புறம் சொன்னேன்: "இங்க வர்ற சிவப்பை யாரும் பார்க்க மாட்டாங்க. என் மேல ஆணை." தங்கமாரி முதல் ஆளாக மைக்கை வாங்கினாள்.

மார்ச் 3 – வெள்ளி

சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து டைப்பிங் கிளாஸில் புகார். கொம்பையா சார் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறார். கேட்காத மாதிரி போய்விட்டேன்.

மார்ச் 10 – வெள்ளி

கம்பெனி எச்.ஆரிலிருந்து போன். தேர்வு வேண்டாமாம், ஷிஃப்ட் கெடுகிறதாம். சிடி பதிவைக் கொடுத்தால் போதும், சிவப்பு குறைவாக இருக்கும் எட்டுப் பேரை எடுத்துக்கொள்வார்களாம்.

பதிவைத் திறந்து பார்த்தேன். தங்கமாரிக்கு இருநூற்றுப் பதினான்கு சிவப்பு. வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம். பச்சையும் அவளுக்குத்தான் அதிகம். பச்சையை யாரும் கேட்கவில்லை. ரகுவுக்கு ஒன்பது சிவப்பு. அவன் பாதி நாள் வரவே இல்லை. வாயைத் திறக்காதவன் விமானம் ஏறுவான். திறந்தவள் லைனுக்குத் திரும்புவாள். ஆணை போட்டு வாயைத் திறக்க வைத்தது யார்? நான்தான்.

பாண்டுரங்கனிடம் சொன்னேன். "அவன் கேக்கறான், நாம குடுக்கறோம். அடுத்த பேட்ச் நாப்பது பேரு வர்றாங்க லேகா. உனுக்கு இன்னா போச்சு?"

எனக்கு என்ன போச்சு. பதிவை அழித்துவிட்டால் என்ன என்று ரத்னா மிஸ்ஸைக் கேட்டேன். "எம் பேர்லயும் ஏழு கீதே, அதுவும் போவுமா?" என்றார். எல்லாம் போகும் மிஸ்.

மார்ச் 11 – சனி

அழித்துவிட்டேன். இருபத்து நான்கு பேர் பதிவும், வாத்தியார்கள் பதிவும், காப்பியும்.

வைரஸ் என்று சொல்லியிருக்கலாம். பாண்டுரங்கன் அதைத்தான் எதிர்பார்த்தார், நம்பியும் இருப்பார். நான்தான் அழித்தேன் என்றேன். ஏன் சொன்னேன்? திமிர்தான், வேறென்ன. "கெளம்பு" என்றார். கிளம்பினேன்.

மார்ச் 20 – திங்கள்

ரத்னா மிஸ் போன் செய்தார். பதிவு இல்லாததால் வேறு வழியின்றித் தேர்வு வைத்தார்களாம். ஸ்பெயின்காரி ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசினாளாம். "தங்கமாரி கேள்வி புரியலன்னா திரும்பத் திரும்பக் கேட்டுகினே கீறா. நாலு வாட்டி! அந்தம்மா சிரிச்சுட்டாங்க."

முடிவு தெரியாது. எனக்கும் வேலை இல்லை. அப்பா மணிமங்கலம் முழுக்க என் வீரத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார், திட்டாக.

ஏப்ரல் 3 – திங்கள்

தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தேன். பயல்கள் திரையை மறைத்துக்கொண்டு என்ன பார்க்கிறார்கள் என்று கேட்பது என் வேலை இல்லையாம்.

ஜூன் 13 – செவ்வாய்

ஒரு வேலையாகப் படப்பை போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பை அடைத்துக்கொண்டு புது பேனர். 'ஸ்பெயின் செல்லும் எங்கள் மாணவ மணிகள்'. நடுவில் பாண்டுரங்கன், ஆள் உயரத்துக்கு, கைகூப்பி. காலடியில் எட்டு பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். இடமிருந்து மூன்றாவது தங்கமாரி. போட்டோ ஸ்டுடியோக்காரன் அவளை வெளுப்பாக்கிவிட்டான், பாவி. ஓரத்தில் ரத்னா மிஸ், கொம்பையா சார். பெயருக்குக் கீழே இரண்டு பேருக்கும் 'மல்டிமீடியா பயிற்றுநர்'.

மற்ற பதினாறு பேரைத் தேடினேன். எங்கே இருப்பார்கள், ஏ ஷிஃப்டில் இருப்பார்கள்.

ஷேர் ஆட்டோ வர இருபது நிமிடம் ஆனது. நல்ல வெயில். பேனர் பெரியது, பின்பக்கம் நிழல் இருந்தது. நின்றுகொண்டேன்.