என் ஜாக்கெட்டைப் போட்டிருந்தவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு த்ரில்லர் படம் பார்த்தோம். செய்யாத கொலைக்கு ஒருவனை மாட்டிவிடுகிறார்கள். என் பக்கத்துக் கட்டில்காரன் பொறுக்கமாட்டாமல், "ஐயோ, அவன் செய்யலடா! யாராவது சொல்லுங்களேன்டா!" என்று கத்தினான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் கிடங்கில் ஒரு பெட்டி காணாமல் போனது. கேமராவில் முகம் தெரியவில்லை. முதுகில் என் எண் போட்ட ஜாக்கெட் தெரிந்தது. குளிருக்குக் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடுவது எங்கள் அறை வழக்கம். அன்று அதைப் போட்டிருந்தவன் அந்தக் கட்டில்காரன்தான். பெட்டியை எடுத்தானா, தெரியாது. மேலாளர் கேட்டபோது, "ஞாபகம் இல்ல சார்" என்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பெரிதாக ஒன்றுமில்லை அம்மா. விசாரணை முடியும்வரை வேலை கிடையாது, பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. போட்டோ அனுப்பு.

அவசரமாக முடிக்கிறேன், கடிதம் கொண்டுவருபவன் கிளம்பிவிட்டான். அவன்தான் அந்தக் கட்டில்காரன், லீவில் வருகிறான். நீ இதைப் படிக்கும்போது எதிரில்தான் உட்கார்ந்திருப்பான். முகத்தில் எதையும் காட்டாதே. வயிறாரச் சோறு போடு. அவன் திரும்பி வந்து வாய் திறந்தால்தான் எனக்கு விடிவு.

உன் மகன்