அடியில் ஒரு ஓட்டை

14 நவம்பர், சனி

ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியைச் சீவி உருவம் எடுத்து, மேலே பைபர் நார் ஒட்டி, மூன்று சில்லு வண்டிக்கு நானே கூடு செய்து முடித்தேன். நான்கு மாத வேலை. மனிசிக்கு முழங்கால் ஏலாது. நாளைக் காலைப் பூசைக்கு அதில்தான் வரவேண்டும்.

முன்கண்ணாடி இன்னும் போடவில்லை. நேற்றைய மழை முழுக்க உள்ளே போய்விட்டது. காலையில் பார்த்தால் ஒரு சாண் தண்ணீர், ஒரு சொட்டும் ஒழுகாமல் நிற்கிறது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் செய்தது வண்டியோ, வள்ளமோ?" என்றாள் மனிசி.

இருபது வருடம் படகு கட்டிய கை. கேட்காமலே எல்லா மூட்டுகளையும் அடைத்திருக்கிறது. வாளியால் இறைக்கத் தொடங்கினேன்.

"மழைக்கு மழை இறைக்கப்போறியளோ? அடியில ஒரு ஓட்டை போடுங்கோவன்."

ஓம் என்றேன். இறைத்து முடித்து ட்றில்லை அடித்தட்டில் வைத்தேன். எடுத்தேன். திரும்பவும் வைத்தேன். பொத்தானை அமத்த மனம் வரவில்லை.

அவள் ட்றில்லை வாங்கி, வண்டிக்குள் ஏறி இருந்து, காலடியில் துளைத்தாள். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் அந்த ஓட்டையின் அளவுக்கு ஒரு தக்கை செதுக்கினேன். சட்டைப் பையில் இருக்கிறது. அவளுக்குச் சொல்லவில்லை.