பெருவிரலை இழுத்த டார்ச்

நைனா,

நேற்றுப் பொன்னேரிச் சந்தையில் மாம்பழக் கூடைப் பக்கம் போனதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பழத்தால் இல்லை. பழுக்க வைக்கக் கூடைக்கடியில் கார்பைட் கல்லைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூண்டு நாற்றம் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கூடைக்கார அம்மா, "வாங்கப் போறியா, மோந்துகினே நிக்கப் போறியா?" என்றாள். வாங்கினேன்.

கும்மிடிப்பூண்டி ரோட்டில் உன் வீட்டை ஒட்டி நாம் இருவரும் பட்டறை போட்டிருந்த காலம். வளைந்த கம்பியோ லாரிப் பட்டையோ, எது வந்தாலும் கரி உலையில் காய்ச்சித்தான் நிமிர்த்துவோம். புகை நேராக உன் வீட்டுக்குள் போகும். உன் பெண்டாட்டிக்கோ இழுப்பு. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "அந்த உலை அணையட்டும், அப்பால வரேன்" என்றாள்.

நீ வீரன் மாதிரிதான் நின்றாய். மறுநாள் சோறு வடிக்கப் போய், கஞ்சியோடு பாதிச் சோற்றையும் வாசலில் கொட்டிவிட்டு என்னிடம் வந்தாய்.

"மச்சான், பழைய கேஸ் டார்ச் ஒண்ணு பாக்கலாம். வெல்டிங்காரன் கைல புடிக்கிறது, பொகையே வராது."

"தொழிலுக்கா, பொண்டாட்டிக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான், கெளம்பு."

மெட்ராஸ் பஸ்ஸில் நீ மடியில் சைக்கிள் பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கண்டக்டர், "சைக்கிள் எங்கப்பா?" என்று கேட்டார். "பின்னால வருது" என்றேன். நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

பழைய சாமான் கடையில் கோணி மேல் இரண்டு டார்ச் கிடந்தன. ஒன்று பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று அடுப்பில் விழுந்து எழுந்த மாதிரி கறுப்பு. பளபளப்பை எடுத்த உன் கை கீழே வைக்கவே இல்லை.

"இத்த பாத்தா அவளே ஓடியாந்துடுவா."

"டார்ச் வாங்க வந்தியா, ஒட்டியாணம் வாங்க வந்தியா?"

அப்புறம்தான் பம்ப்பை வெளியே எடுத்தாய். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து தீப்பிடிக்கும் என்று முந்தின நாளே சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தாய். நமக்கு வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். இரும்பு சிவக்கக் காய்ந்தால் போதும். ஆனால் ஆக்சிஜன் ஓடுகிற வேகம் கேஸை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காத டார்ச்சில் நெருப்பு நம் பக்கம் திரும்பும். நீ ஆக்சிஜன் வழியில் காற்றடித்தாய். நான் கேஸ் வழியில் பெருவிரலை வைத்தேன். பளபளப்பு என் விரலைத் தள்ளியது. கறுப்போ, கன்றுக்குட்டி வாய் வைத்த மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டது.

நம்பாமல் உன் விரலையும் வைத்துப் பார்த்தாய். பளபளப்பை நீ கடைசியாக ஒரு பார்வை பார்த்தாயே, சொந்தக்காரனை ரயிலேற்றி விடுகிற பார்வை. கறுப்பை வாங்கிவந்து புளியும் சாம்பலும் போட்டு நீ தேய்த்த தேய்ப்பில் அதுவும் கொஞ்சம் சிரித்தது.

கார்பைட் கல்லில் கேஸ் எடுக்கிற டிரம்மையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் கொண்டுவந்து வைத்த பிறகு, நீயே போய் அவளை அழைத்து வந்தாய். அவள் பட்டறை வாசலில் நின்றாள். பையைக் கீழே வைக்கவில்லை.

நீ அவசரத்தில் கேஸை மட்டும் அதிகமாகத் திறந்து பற்றவைத்துவிட்டாய். குபுகுபுவென்று கறுப்புப் புகை. நூல் நூலாகக் கரி பறந்து அவள் தலையிலும் புடவையிலும் இறங்கியது. அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். நீ திருகைத் தடவித் தேடினாய். ஒருவழியாக ஆக்சிஜனைத் திறந்தாய். உஸ்ஸென்று நீல நாக்கு நீண்டது. புகை போன இடம் தெரியவில்லை.

அவள் மூக்கைச் சுளித்தாள். "இன்னா நாத்தம் இது?"

"கார்பைட்டு" என்றாய், குற்றவாளி மாதிரி.

"கருவாடு காயிற ஊட்ல பொறந்தவ நானு. நாத்தம் என்னிய இன்னா பண்ணும்? மூச்சு உட முடியுதுல்ல, அது போதும்."

அணைந்து கிடந்த கரி உலை மேலேயே பையை வைத்தாள்.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் நீ ஒரேயடியாகக் கிளம்பிவிட்டாய். பை எடுக்காமல் போனவன் நீதான். நேற்று அந்த மாம்பழத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "நம்ம பட்டறை வாசனைண்ணே" என்றாள். தின்னவில்லை, ஜன்னலில் வைத்திருக்கிறாள். அவளுடைய இழுப்பு அப்போது போனதுதான், திரும்ப வரவில்லை.

டார்ச் என்னிடம்தான் இருக்கிறது. இன்றைக்கும் பற்றவைத்ததும் முதலில் கொஞ்சம் கறுப்பு நூல் பறக்கும். நான் அவசரமாக ஆக்சிஜனைத் திறப்பேன். திறந்துவிட்டு வாசலைப் பார்ப்பேன், யாராவது பையைக் கை மாற்றுகிறார்களா என்று.