தட்டைத் தட்டியவர்

சிந்துஜாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

செம்பனைக் காட்டிலிருந்து வந்த அந்தப் பூனை யாரையும் அண்டவிடாது. தகரத் தட்டைக் கரண்டியால் தட்டிவிட்டு நான் தள்ளி நின்றால்தான் சாப்பிடும். போன மாதம்தான் என் காலருகே உட்காரத் தொடங்கியது.

சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தபோது நீங்கள் செய்ததைப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி சொல்லிவிட்டாள். "அண்ணன் தட்டத் தட்டுனாரு அக்கா. நீங்கன்னு நெனச்சு ஓடி வந்துச்சு. சாக்குல போட்டுக் கட்டிட்டாரு."

உங்கள் புதுக் கார்மேல் அதன் கால்தடம் பட்டுவிட்டது. அதற்காக.

நீங்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிய பிறகு போனில் கேட்டதற்குச் சிரித்தீர்கள். "பாசார்ல, மீன் சந்தப் பக்கமா விட்டுட்டேன். மீன்தல கெடைக்கும்லா, பொழச்சுக்கும்."

வேண்டாத பூனையைப் பாசாரில் விடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். வீட்டில் வளர்ந்த பூனை மீன்காரன் காலைச் சுற்றிக் கேட்டு வாங்கித் தின்னும். இது யாரிடமும் கேட்காது. தினமும் பாசாருக்குப் போய்த் தட்டைத் தட்டுகிறேன். மற்ற பூனைகளெல்லாம் ஓடி வருகின்றன. அது வரவில்லை. அந்தச் சத்தத்தை இனி அது நம்பாது.

இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர வேண்டாம். பூட்டை மாற்றிவிட்டேன். சிங்கப்பூரிலும் சாப்பாடு கிடைக்கும். பிழைத்துக்கொள்ளுங்கள்.

சிந்துஜாவின் அம்மா